மேப் ஒழுகினால்: க்வேக் லெவல் கட்டும்போது உதவும் கணக்குகள்

முதன்முதலாக ஷூட்டர் (சுடும் விளையாட்டு) லெவல், அதாவது மேப், கட்டப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை 1996-இல் வந்த க்வேக்தான். பழைய விளையாட்டின் மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. ஓர் அறை, ஒரு விளக்கு, நிற்க ஓர் இடம் என்று வைத்து, கம்பைல் செய்து (விளையாட்டு படிக்கும் கோப்பாக மாற்றி), உள்ளே நடந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று கருவிகளே கோடு போட்டுக் காட்டிவிடும். எடிட்டருக்கு ட்ரெஞ்ச்ப்ரூம், கம்பைலுக்கு எரிக்டபிள்யூ டூல்ஸ், ஓட்டிப் பார்க்கும் எஞ்சினுக்கு ஐயன்வெயிலோ விகேக்வேக்கோ. எல்லாமே இலவசம். விளையாட்டின் தரவுக் கோப்புகளை மட்டும் வாங்கியிருக்க வேண்டும்.

க்வேக்கில் சுவர், தரை, தூண் எல்லாமே ப்ரஷ். உள்நோக்கி மடியாத திண்மம் மட்டுமே ப்ரஷ் ஆகும். எல் வடிவச் சுவர் வேண்டுமென்றால் இரண்டு ப்ரஷ்களை ஒட்டித்தான் ஆகவேண்டும். 16 யூனிட் கிரிடில் (எடிட்டரின் கட்டக்கோடுகள்; யூனிட் என்பது விளையாட்டின் நீள அளவு) வேலை செய்யுங்கள். நுணுக்க வேலைக்கு 8, 4 என்று இறங்கலாம். 1 யூனிட் கிரிடில் ஆரம்பிப்பவர்கள் பின்னால் நிச்சயம் அழுவார்கள், காரணம் கீழே வருகிறது.

அளவுகளை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஆட்டக்காரரின் மோதல் பெட்டி (எதிலாவது முட்டுகிறாரா என்று பார்க்க விளையாட்டு வைத்திருக்கும் பெட்டி) 32 அகலம், 32 நீளம், 56 உயரம். கண் இருப்பது தரையிலிருந்து 46 யூனிட் மேலே. குதிக்காமல் ஏறக்கூடிய படி 18 வரை. அதனால்தான் எல்லோரும் 16 உயரப் படி கட்டுகிறார்கள். குதிக்கும் வேகம் வினாடிக்கு 270, ஈர்ப்பு 800. கணக்குப் போட்டால் உச்சம் 45 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். ஆகவே 40 உயர மேடையில் தாவி ஏறலாம், 48-இல் முடியாது. ஓட்டத்தின் உச்ச வேகம் 320, காற்றில் இருக்கும் நேரம் 0.675 வினாடி, பெருக்கினால் 216. பெட்டியின் விளிம்பு கொஞ்சம் கூடுதல் இடம் தரும் என்றாலும் அதை நம்பிப் பள்ளம் வைக்காதீர்கள். எல்லோரும் தாண்ட வேண்டிய பள்ளம் என்றால் 160-ஐத் தாண்ட வேண்டாம்.

அரக்கர்களுக்கு வேறு கணக்கு. ஓகர், ஷாம்ப்ளர், ஃபீண்ட் மூன்றுக்கும் மோதல் பெட்டி 64 அகலம், 88 உயரம். 64 அகலக் கதவு வைத்துவிட்டு ஓகர் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். 96 வையுங்கள்.

இனி ஒழுகல், அதாவது லீக். கம்பைல் மூன்று கட்டம்: க்யூபிஎஸ்பி (வடிவம்), விஸ் (எங்கிருந்து எது தெரியும்), லைட் (ஒளி). முதல் கட்டத்தில் க்யூபிஎஸ்பி ப்ரஷ்களை வெட்டி, மரக்கிளைபோல் பிரிந்து போகும் அமைப்பில் அடுக்கும். பிறகு ஒவ்வொரு என்டிட்டியிலிருந்தும் (விளக்கு, அரக்கன், கதவு போல மேப்பில் வைக்கும் பொருள்) தண்ணீர் ஊற்றுவதுபோல் வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டே போகும். எங்காவது ஓட்டை வழியே அது உலகத்துக்கு வெளியே போய்விட்டால் மேப் ஒழுகுகிறது என்று அர்த்தம். இடங்கள் எங்கே ஒன்றோடொன்று இணைகின்றன என்று சொல்லும் போர்ட்டல் கோப்பு ஒழுகும் மேப்புக்கு உருவாகாது. அது இல்லாமல் விஸ் ஓடாது. இதில் வில்லங்கம் என்னவென்றால், ஒழுகினாலும் மேப் விளையாட்டில் திறக்கும், நடக்கலாம், சுடலாம். அதனால் புதியவர்கள் எச்சரிக்கையைக் கண்டுகொள்வதே இல்லை. மேப் பெரிதானபின், ஒரே நேரத்தில் எல்லா அறைகளையும் எஞ்சின் வரையத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

ஒழுகலைப் பிடிக்கக் கண்ணால் தேட வேண்டாம். க்யூபிஎஸ்பி ஒரு பாயிண்ட் கோப்பு எழுதி வைத்திருக்கும். ட்ரெஞ்ச்ப்ரூமின் ஃபைல் மெனுவில் அதைத் திறந்தால், என்டிட்டியிலிருந்து மேப்புக்கு வெளியே உள்ள வெற்றிடம்வரை ஒரு கோடு வரும். அந்தக் கோடு சுவரைக் கடக்கும் இடத்தில்தான் ஓட்டை. அடைத்து மறுபடி கம்பைல் செய்தால் அடுத்த ஓட்டை தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் காட்டும், பொறுமை வேண்டும்.

கோடு போகும் இடத்தில் ஓட்டையே இல்லையே, சுவர் இருக்கிறதே என்றால், அந்தச் சுவர் எந்த வகை என்று பாருங்கள். கதவு, லிஃப்ட், ஃபங்க்_வால் போன்ற என்டிட்டியாக மாற்றிய ப்ரஷ்கள் உலகத்தை மூடாது. அலங்கார ப்ரஷ்களுக்கான ஃபங்க்_டீடெய்லும் மூடாது. தண்ணீர், எரிமலைக் குழம்பு ப்ரஷ்களும் மூடாது. வான டெக்ஸ்சர் போட்ட ப்ரஷ் மூடும். இவை எதுவும் இல்லை என்றால் விளக்கோ தோட்டாப் பெட்டியோ தவறிப்போய்ச் சுவருக்கு வெளியே கிடக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து கிளம்பும் கோடு பிறந்ததே வெளியில்தான். கடைசிச் சந்தேகம் கிரிட். 1 யூனிட் கிரிடில் சாய்சுவர்களைச் சுழற்றி ஒட்டினால் முனைகள் பின்னத்தில் போய் உட்காரும், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். முன்னே சொன்ன அழுகை இதற்குத்தான்.

இதற்கெல்லாம் ஒரு குறுக்குவழி உண்டு: முழு மேப்பையும் ஒரு பிரம்மாண்டப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது. தயவுசெய்து வேண்டாம். எச்சரிக்கை போய்விடும், நோய் போகாது. மூடிய மேப்பில் சுவர்களின் வெளிமுகங்களை க்யூபிஎஸ்பி தூக்கி எறிந்துவிடும். பெட்டி போட்டால் அந்த முகங்கள் அனைத்தும் உள்ளே இருப்பதாக ஆகி, அப்படியே தங்கிவிடும். விஸ் அந்த வெட்டவெளியையும் சேர்த்துக் கணக்குப் போடும், லைட் யாரும் பார்க்காத முகங்களுக்கும் ஒளி கணக்கிடும். மேப் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: விளையாட்டின் கன்சோலில் (கட்டளை தட்டும் திரை) சுவரை ஊடுருவ விடும் நோக்ளிப் கட்டளையைக் கொடுத்து வெளியே பறந்து திரும்பிப் பாருங்கள். சுவர் வழியே உள்ளே தெரிந்தால் நல்ல மேப். வெளிப்புறத்தில் டெக்ஸ்சரோடு சுவர் தெரிந்தால் ஒழுகல் அல்லது பெட்டி.

விஸ் செய்வது, எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரியும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது. உருண்டைத் தூண், வளைவு, சரவிளக்கு, கற்குவியல் ஒவ்வொன்றும் வெளியைத் துண்டு துண்டாக வெட்டும். துண்டு கூடக் கூட நேரம் பல மடங்காகும். அலங்காரத்தையெல்லாம் ஃபங்க்_டீடெய்ல் ஆக்குங்கள். வெளிச்சுவர், தரை, கூரை, அறைகளைப் பிரிக்கும் பெரிய சுவர் மட்டும் சாதாரண ப்ரஷ்ஷாக இருக்கட்டும். மணிக்கணக்கில் ஓடும் விஸ் இந்த ஒரு மாற்றத்தால் நிமிடங்களில் முடிவதுண்டு. சோதனைக் கம்பைலுக்கு ஃபாஸ்ட் விருப்பம் போதும். இன்னொன்று: நேர்கோட்டில் நாலு அறைக் கதவுகளும் தெரியும்படி கட்டினால் விஸ் எதையும் மறைக்க முடியாது. நடுவில் ஒரு திருப்பம் வையுங்கள். சண்டைக்கும் அது நல்லது.

விளக்கு என்டிட்டியின் இயல்பு மதிப்பு 300. ஒளி நேர்கோட்டில் தேய்வதால், 300 மதிப்புள்ள விளக்கு 300 யூனிட் தூரத்தில் அணைந்துவிடும். அறை இருட்டாக இருக்கிறது என்று மதிப்பை 1000-க்கு ஏற்றினால் எல்லாம் சமமாக வெளுத்து, நிழலே இல்லாமல் போகும். சுவர்விளக்குப் பக்கத்தில் 150 மதிப்பில் சிலவற்றைத் தூவுவதே அழகு. விளக்கின் டிலே மதிப்பை 2 ஆக்கினால் ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் தேயும். அருகில் பளிச்சென்றும் தள்ளி மங்கலாகவும் இயற்கையாக இருக்கும். மேப் முழுக்க நிழலே இல்லாமல் பளிச்சென்று தெரிகிறதா? லைட் ஓடவே இல்லை. கன்னங்கரேலென்று இருக்கிறதா? லைட் ஓடியது, விளக்குதான் இல்லை. இறுதிக் கம்பைலில் மட்டும் லைட்டுக்கு எக்ஸ்ட்ரா4 விருப்பம் போடுங்கள், நிழல் விளிம்புகள் மென்மையாகும்.

என்டிட்டிகளை இணைப்பது (பொத்தான் கதவைத் திறப்பது போல) எளிது: ஒன்றின் டார்கெட்டும் மற்றதன் டார்கெட்நேமும் ஒரே பெயராக இருக்க வேண்டும், அவ்வளவே. கதவு மேலே போக ஆங்கிள் -1, கீழே போக -2. ஒன்றையொன்று தொடும் கதவுகள் தாமாகவே ஒரே கதவாக இணைந்து திறக்கும். அடுத்தடுத்து வைத்த கதவுகள் சேர்ந்து திறந்துகொள்வது இதனால்தான். கன்சோலில் ‘வாக்மான்ஸ்டர் இன் வால்’ என்று வந்தால் அரக்கனின் பெட்டி சுவரிலோ தரையிலோ குத்திக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் தூக்கி வையுங்கள். ‘போனஸ் ஐட்டம் ஃபெல் அவுட் ஆஃப் லெவல்’ என்றால் பெரும்பாலும் மருந்துப் பெட்டிதான். அதன் தொடக்கப்புள்ளி நடுவில் இல்லை, ஒரு மூலையில் இருக்கிறது. சுவரோரம் வைக்கும்போது மறுபக்கம் உள்ளே புகுந்துவிடும்.

ஆயுதத்தின் நடத்தையையோ அரக்கனின் மூளையையோ மாற்ற வேண்டுமென்றால் க்வேக்சி மொழிக்குப் போக வேண்டும். அதை எஃப்டிஇக்யூசிசி போன்ற கம்பைலரில் கொடுத்துக் கிடைக்கும் ப்ரோக்ஸ் கோப்பைத் தனி அடைவில் போட்டு, கேம் விருப்பத்தோடு எஞ்சினைத் தொடங்குங்கள். மூல விளையாட்டின் ஐடி1 அடைவில் கைவைக்காதீர்கள்.

இங்கே படிப்பது பின்னால் வீணாகாது. ஹாஃப்-லைஃப் விளையாட்டைச் செய்தவர்களின் ஹேமர் எடிட்டரே 1996-இல் வேர்ல்ட்க்ராஃப்ட் என்ற பெயரில் க்வேக்குக்காகப் பிறந்ததுதான். அவர்களின் சோர்ஸ் எஞ்சினின் விபிஎஸ்பி, விவிஸ், விராட் என்ற வரிசையில் இதே மூன்று கட்டங்கள் இருக்கின்றன. க்வேக்கின் மூல லெவல்களின் மேப் கோப்புகளை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ 2006-இல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டார். எடிட்டரில் திறந்து, வளைவுகளை எப்படி வெட்டியிருக்கிறார்கள், விளக்குக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். பாடக்குறிப்புகளைவிட அதில் அதிகம் கிடைக்கும்.

வெளியிடும் முன் ஈஸி, நார்மல், ஹார்டு மூன்றிலும் ஒருமுறை முழுதாக ஓடி முடியுங்கள். கோப்புப் பெயர் முழுக்கச் சிற்றெழுத்தில் இருக்கட்டும், லினக்ஸில் பெரிய எழுத்து வேறு கோப்பாகிவிடும். ஜிப்பில் கம்பைல் ஆன மேப்போடு ஒரு உரைக் கோப்பும் வையுங்கள்: எந்த எஞ்சினில் சோதித்தது, யாருடைய டெக்ஸ்சர், மூல மேப்பை மற்றவர்கள் மாற்றலாமா என்று.