எரிந்ததா, தாட்டதா?

கிளிநொச்சியில் பிரதேச செயலகத்துக்குப் போகிறவர்கள் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்ற கொமினிகேசன் கடைகளில்தான். போட்டோகொப்பி, ரைப்பிங், படிவம் நிரப்புதல், எல்லாம் உண்டு. அதிகம் வருவது காணிக் கடிதங்கள். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தது. கொஞ்சக் காலத்தில் இந்த வேலைக்குள்ளும் புகுந்துவிட்டது. நானும் பாவிக்கிறேன்.

அது எங்கிருந்தோ கடிதத்தைத் தேடி எடுத்துத் தருவதாகக் கடைக்கு வருகிற பெடியள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஏராளமான எழுத்தைப் படிக்கக் கொடுத்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கிய நிரல் அது. 2017இல் கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ட்ரான்ஸ்போமர் என்ற அமைப்பு, ஒரு சொல்லைச் சுற்றியுள்ள மற்றச் சொற்களோடு பொருத்திப் பார்க்க வழிசெய்தது. இன்றைய மொழி மாதிரிகள் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கின்றன. நாங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை, வழக்கமாக வருவதைக் கொண்டு நிரப்பிவிடும்.

ஒரு ஐயா காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி கேட்டு எழுத வந்தார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பழைய பெர்மிட். இடம்பெயர்வில் இல்லாமல் போய்விட்டது என்றார்; அதையே சட்ஜிபிடியில் போட்டேன். 'போர் நடவடிக்கையின்போது வீட்டோடு எரிந்து நாசமாகியது' என்று வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"எரியேல்லைப் பிள்ளை. றங்குப்பெட்டியோட கிணத்தடியில தாட்டனான். திரும்பி வந்து கிண்டிப் பாத்தா பெட்டியில்லை."

பொலிஸ் முறைப்பாட்டிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. முறைப்பாட்டில் ஒன்று, கடிதத்தில் இன்னொன்று என்றால் விண்ணப்பக் கோவை அங்கேயே நின்றுவிடும். வன்னியில் எரிந்த வீடுகளுக்குக் குறைவில்லை. ஊகம் என்ற அளவில் அது சரிதான். ஆனால் ஐயாவின் பெட்டி எரியவில்லையே.

சும்மா விட்டால் சட்ஜிபிடி இங்கே இல்லாத தாசில்தாருக்கு எழுதும், பட்டா கேட்கும். இணையத்தில் இருக்கிற தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதியது. பிரதேச செயலாளர், காணி உத்தியோகத்தர் என்று முதலே சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை அதில் போடுவதில்லை, அச்செடுக்க முதல் நானே சேர்ப்பேன். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்ததுதான். இருந்தாலும் என் பயம் எனக்கு.

சிங்களத்தில் வருகிற கடிதங்களுக்கு நல்ல உதவி. முந்தி வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும். இப்போது படமெடுத்துப் போட்டால் சாராம்சம் வந்துவிடுகிறது. திகதியையும் தொகையையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிடுவேன்.

காணிக் கிளையில் வேலை செய்கிற ஒருவர் சொன்னார், இப்போது எல்லாக் கடிதமும் ஒரே ஆள் எழுதினது போல இருக்கிறதாம். 'தங்களின் மேலான கவனத்திற்கு', 'பெரும் இன்னல்களுக்கு மத்தியில்'. அதனால் கடிதத்தை விட்டுவிட்டு இணைப்புகளைத்தான் முதலில் புரட்டுகிறாராம். நானும் சுருக்கத் தொடங்கிவிட்டேன். காணி எங்கே, பெர்மிட் யார் பேரில், எப்படி இல்லாமல் போனது, இவ்வளவும் முதல் பந்தியில். இன்னல்களை வெட்டிவிடுவேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை; பக்கம் நிரம்பாவிட்டால் கொடுத்த காசுக்குப் பெறுமதியில்லை என்று முகத்தைச் சுளிக்கிறார்கள்.