முதல் ஸ்கேனர் வாங்கும் முன்

பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடி, நடக்கும் பேச்சைக் கேட்க வைக்கும் கருவிதான் ரேடியோ ஸ்கேனர். அதை முதன்முதலாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது எந்த மாடல் நல்லது என்றுதான். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது வேறொன்று: உங்கள் பகுதியில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் எந்த முறையில் பேசிக்கொள்கின்றன? அது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒன்றும் கேட்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

விமானத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. உலகம் முழுக்கப் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் பழைய ஏ.எம். முறையில்தான் பேசுகின்றன, ரகசியக் குறியாக்கம் எதுவும் கிடையாது. எஃப்.எம். இன்னும் தெளிவாக இருக்குமே என்று தோன்றலாம். ஆனால் எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மற்றதை அப்படியே அமுக்கிவிடும், இன்னொருவர் பேசியதே யாருக்கும் தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி வரும், யாரோ குறுக்கே பேசியிருக்கிறார்கள் என்று புரிந்து கட்டுப்பாட்டாளர் திரும்பச் சொல்லச் சொல்வார். வானத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆக, விமானம் மட்டும் போதும் என்றால் சாதாரண அனலாக் ஸ்கேனரே தாராளம். யூனிடென் பிசி125ஏடி மாதிரி 500 சேனல் கொள்ளும் கையடக்கக் கருவி ஒன்று பல வருஷம் உழைக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் மட்டும் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நகருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே சேனல்களை அவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். ஸ்கேனருக்குப் பதிலாக பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற மலிவான வாக்கிடாக்கியை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். அதன் சாதாரண மாடலில் விமானங்களின் ஏ.எம். பேச்சு கேட்காது. அதைவிட முக்கியம், அது ஒலிபரப்பும் கருவி. பேசும் பட்டனில் கை பட்டு ஆம்புலன்ஸ் சேனலில் இரைச்சல் போனால் அங்கே ஒரு உயிர் விஷயம் தடைபடும். கேட்பதற்கு மட்டுமேயான கருவியில் அந்தக் கவலை இல்லை.

அவசர சேவைகள் பக்கம் வந்தால்தான் கதை சிக்கலாகிறது. சில இடங்களில் இன்னும் சாதாரண அனலாக் எஃப்.எம்., மேலே சொன்ன கருவியே போதும். வட அமெரிக்காவில் பெரும்பாலும் பி25, ஐரோப்பாவில் டெட்ரா, அங்கங்கே டிஎம்ஆர். இவையெல்லாம் டிஜிட்டல். அனலாக் ஸ்கேனரில் இவற்றைக் கேட்டால் ஓயாத கரகரப்புதான் வரும், ஒரு வார்த்தைகூடப் புரியாது. இதற்கு மேல் டிரங்கிங் என்று ஒன்று. வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு எந்தக் கவுன்டர் காலியோ அங்கே அனுப்புவார்களே, அது போல ஒரு கட்டுப்பாட்டு சேனல் ஒவ்வொரு குழுவையும் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் அலைவரிசைக்கு அனுப்பும். கேள்வி ஒரு அலைவரிசையில், பதில் இன்னொன்றில் என்று ஆகிவிடலாம். டிரங்கிங் தெரிந்த ஸ்கேனர் அந்தக் கட்டுப்பாட்டு சேனலைப் படித்துக்கொண்டே கூடவே ஓடும், தெரியாதது துண்டு துண்டாகத்தான் தரும்.

சைமல்காஸ்ட் பற்றியும் விசாரியுங்கள். பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும், அவை உங்களிடம் சற்று முன்பின்னாக வந்து சேரும்போது சாதாரண டிஜிட்டல் ஸ்கேனர் குழம்பி, பாதிப் பேச்சை விழுங்கிவிடும். சிக்னல் அளவு முழுதாகக் காட்டும், பேச்சு மட்டும் உடைந்து உடைந்து வரும். பெரிய ஆன்டெனா போட்டால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள், பல சமயம் அது இன்னும் மோசமாகத்தான் ஆகும். யூனிடென் எஸ்டிஎஸ்100, எஸ்டிஎஸ்200 இரண்டும் இந்தப் பிரச்சினையை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. விலை அதிகம், ஆனால் உங்கள் பகுதியில் சைமல்காஸ்ட் இருந்தால் குறைந்த விலை டிஜிட்டலில் பணத்தைப் போடாதீர்கள்.

குறியாக்கம் செய்த பேச்சு என்றால் எந்த ஸ்கேனரும் உதவாது. விற்பவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். போலீஸ் மூடியிருந்தாலும் தீயணைப்பு திறந்தே இருக்கும் ஊர்கள் உண்டு, அதனால் ஒவ்வொரு துறையாகப் பாருங்கள். ரேடியோரெஃபரன்ஸ் தளத்தில், முக்கியமாக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும், எந்தத் துறை எந்த முறை, குறியாக்கம் உண்டா என்பதெல்லாம் இருக்கும்.

உங்கள் பகுதிக்குத் தகவல் கிடைக்கவில்லையா? சரி, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வாங்குங்கள். டிவி பார்க்கச் செய்த சிப்தான் உள்ளே இருப்பது, கணினியில் செருகினால் சுமார் 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை என்ன நடக்கிறது என்று திரையில் பார்க்கலாம். ஓயாமல் ஓடும் ஒரு பட்டை தெரிந்தால் அது டிரங்கிங் கட்டுப்பாட்டு சேனலாக இருக்கலாம். யாரோ பேசும்போது நடுவில் மெல்லிய கோடும் இருபக்கமும் சமமான இறகும் விரிந்தால் அது ஏ.எம்., விமானம். எஸ்டிஆர்டிரங்க் மென்பொருள் பி25 பேச்சைக்கூடப் பிரித்துத் தரும். எனக்குக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய ஸ்கேனர்தான் பிடிக்கும், ஆனால் வாங்கும் முன் விசாரிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் உங்களுக்கு அனுப்பாத செய்தியை வேண்டுமென்றே கேட்பதே குற்றம், அமெரிக்காவில் பொதுவாகக் கேட்கலாம், ஆனால் சில மாநிலங்களில் காரில் வைத்திருக்கக் கட்டுப்பாடு உண்டு. கருவியை வைத்திருக்கவே உரிமம் கேட்கும் நாடுகளும் இருக்கின்றன.

அப்புறம் ஆன்டெனா. கூடவே வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவுக்குப் பதில் விமான அலைவரிசைக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று செங்குத்தாக வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவதால் 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானியின் குரல் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் உங்களுக்குக் கேட்கும், தரையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரமோ கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். விமானியின் பதில் மட்டும் காதில் விழுந்து, கோபுரத்தின் கேள்வி விழாமல் போனால் கருவியில் கோளாறு இல்லை.

விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் முதலில் ஏடிஐஎஸ், அதாவது விமானிகளுக்கான தானியங்கித் தகவல் ஒலிபரப்பின் அலைவரிசையைப் போடுங்கள். காற்றின் திசை, வேகம், ஓடுபாதை எண், காற்றழுத்தம், கடைசியில் அந்தத் தகவல் எந்தப் பதிப்பு என்று காட்டும் ஒரு எழுத்து என்று பதிவுசெய்த குரல் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். ஆன்டெனாவை நகர்த்திச் சோதிக்க இதுதான் வசதி. யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் அமைப்பை ஆள் இல்லாத சேனலில் சரிசெய்யுங்கள்: இரைச்சல் நிற்கும் இடம் வரை மெதுவாகத் திருப்பி, அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள், அதிகம் திருப்பினால் தூரத்துக் குரல்கள் போய்விடும். எல்லாம் முடிந்ததும் ஏடிஐஎஸ்ஸை ஸ்கேன் வரிசையிலிருந்து விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்கேனர் அங்கேயே நின்றுவிடும்.