இடப்பக்கப் பின் மூட்டு

பிப்ரவரி 3
பழைய பந்தயக் காரின் குழாய்ச் சட்டகத்தில் பெயின்ட்டை உரித்ததும் தெரிந்தது. மற்ற மூட்டுகளில் பற்றவைப்பு ஒரே சீராக ஓடுகிறது. இடப்பக்கப் பின் மூட்டில் மட்டும் தடித்து, கோணலாக, அவசரத்தில் போட்ட மாதிரி இருக்கிறது. ஒரு சின்னத் தகட்டை வேறு சேர்த்திருக்கிறார்கள். பந்தய நாளிலேயே போட்டதா, பல வருடம் கழித்து வேறு யாரோ போட்டதா? இந்தக் காரின் பழைய கதை அறிந்த பெரியவருக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 4
பெரியவருக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. பார்க்க அனுமதி இல்லை.

பிப்ரவரி 7
எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியாயிற்று. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எஃப்டபிள்யூஏ எஞ்சின், 1098 சிசி. ஆட்கள் கையில் தூக்கிப்போகும் தீயணைப்பு பம்புக்காக அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள் ஹாசனும் மண்டியும் எடை குறைத்து உருவாக்கிய அலுமினிய எஞ்சினிலிருந்து வந்தது இது. அவ்வளவு லேசான எஞ்சினைப் பந்தயக்காரர்கள் சும்மா விடுவார்களா? 1957-இல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், இதைவிடச் சின்ன கிளைமாக்ஸ் எஞ்சின் பூட்டிய ஒரு லோட்டஸ் லெவன் கார் 750 சிசி பிரிவை ஜெயித்தது. ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் அந்த எடையில் ஆச்சரியப்படுகிறேன்.

எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் விரிசல் சோதனைக்குப் போயிருக்கிறது.

பிப்ரவரி 8
தூக்கம் இல்லை. அந்த மூட்டு.

பிப்ரவரி 12
நாள் முழுக்க மூக்குப் பகுதியின் தகடு. அலுமினியம் வருடக்கணக்கில் அதிர்ந்து இறுகிப்போயிருக்கிறது. அப்படியே சுத்தியலால் தட்டினால் கீறிவிடும். முதலில் சூடாக்கி இளக்க வேண்டும். ஆனால் இரும்பைப் போல இது சிவந்து எச்சரிக்காது. சுமார் 660 டிகிரியில் திடீரென்று உருகி விழும். அதனால் சோப்பைத் தேய்த்துவிட்டு, சோப்பு கறுக்கும் வரை மட்டும் தீயைக் காட்டுவது. கறுத்த கணத்தில் விலக்கிவிட வேண்டும். அப்புறம் தகடு விரலுக்கே வளைகிறது.

விமானத் தொழிலிலிருந்து வந்த ஃபிராங்க் காஸ்டின் வரைந்த வளைவு இது. புதுத் தகட்டில் அடித்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சீக்கிரம் முடியும், பளபளப்பாகவும் இருக்கும். எனக்கு இந்தத் தகடுதான் வேண்டும். காற்றைக் கிழித்துப்போனது இதுதான்.

பிப்ரவரி 15
மறுபடியும் அந்த பென்ட்லி கார் வழக்குதான் நினைவில். அது அசல் காரா இல்லையா என்ற வழக்கு. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான்ஸை ஜெயித்த 'ஓல்ட் நம்பர் ஒன்'. பந்தயங்களுக்கிடையே மாற்றி மாற்றி, ஜெயித்தபோது இருந்த உலோகம் கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் 1990-இல் லண்டன் நீதிமன்றம் அதை அதே கார் என்றுதான் ஏற்றுக்கொண்டது. வாழ்க்கை எங்கேயும் அறுந்துபோகவில்லையாம்.

அப்படியானால் அந்த மூட்டும் இந்தக் காரின் வாழ்க்கைதானே? வெட்டிப் புதுக் குழாய் வைத்தால் பழைய கார்களின் பந்தயங்களில் ஓட, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் பாஸ்போர்ட் கிடைக்கும். அந்தத் தாள் பார்ப்பது காரின் அமைப்பு அந்தக் காலத்ததா என்பதைத்தான். யார் ஓட்டினார், எங்கே இடித்தார் என்பதற்கு அது சாட்சி இல்லை. மறுபக்கம், நூறு மைல் வேகத்தில் மூட்டு விட்டுப்போனால்? உள்ளே உட்காரப்போவது ஒரு உயிர். உயிர் என்று வந்தால் வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. எது அழுகியது, எது வெறும் அசிங்கம் என்று பிரிப்பதில்தான் குழப்பம்.

பிப்ரவரி 16
கிராங்க் ஷாஃப்டில் விரிசல் இல்லை!!

பிப்ரவரி 19
பழைய பந்தயப் படம் வந்தது. வால் பகுதியில் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசையைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒரு ரிவெட் மட்டும் வரிசையை விட்டு விலகி அடிக்கப்பட்டிருக்கிறது. படத்திலும் அதே இடம், அதே விலகல். வால் இந்தக் காருடையதுதான். சட்டகம் படத்தில் தெரியவில்லை.

பிப்ரவரி 20
ஒலி அலை வைத்துக் குழாயின் தடிமன் அளந்தார்கள். மூட்டுக்கு மேலே நன்றாக இருக்கிறது, கீழே மெலிந்திருக்கிறது. மூட்டில் அளக்க முடியவில்லை, பரப்பு அவ்வளவு கரடு.

பிப்ரவரி 21
பெரியவரின் மகள் கூப்பிட்டார். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, "அந்தக் கார் என்ன ஆச்சு" என்று அவரே கேட்டாராம். நாளை காலை பார்க்கலாம். மூட்டின் படத்தைப் பெரிதாக அச்சிடக் கொடுத்திருக்கிறேன். வெல்டரை நாளைக்கு வரச் சொல்லியிருந்தேன், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.