48 வாக்கில் முடிந்த தொகுதி, எங்கள் வீட்டில் விடுபட்ட 2 பெயர்கள்

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை அன்று, மும்பை வடமேற்குத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 48 வாக்கு. ரவீந்திர வாய்கர் 4,52,644, அமோல் கீர்த்திகர் 4,52,596. இயந்திரத்தில் பதிவானதை மட்டும் எண்ணி முடித்தபோது கீர்த்திகர் ஒரே ஒரு வாக்கு முன்னால் இருந்தார். தபால் வாக்குகளைச் சேர்த்ததும் கணக்கு மாறிவிட்டது. அந்தத் தொகுதியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். வீட்டில் வாக்களிக்கும் வயதில் நாலு பேர். மாமாவுக்கும் எனக்கும் அன்று பட்டியலில் பெயர் இல்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மும்பையில் இருக்கும் நம்மவர்கள் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பே அம்பாசமுத்திரத்தில் எனக்கு வாக்கு இருந்தது. ஊரில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, இங்கே மே 20. "ஊருக்கே போய்ப் போட்டுட்டு வந்திரு" என்று அண்ணன் சொன்னான். ஆனால் குழாயில் தண்ணீர் வருவதும், லோக்கல் ரயிலில் கால் வைக்க இடம் கிடைப்பதும், பிள்ளைகள் படிப்பதும் எல்லாம் இங்கேதான். வாக்கும் இங்கேதான் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தேர்தலுக்குப் பல மாதம் முன்பே, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 போட்டேன். ஆன்லைனில் போடுவது சுலபம், ரெஃபரன்ஸ் நம்பரும் உடனே வந்தது. அப்புறம் நெடுநாள் சத்தமே இல்லை. கடைசியில் 'ஆவணம் போதவில்லை' என்று ஒரே வரியில் நிராகரிப்பு.

எந்த ஆவணம் என்று கேட்க எங்கள் பகுதி அலுவலகத்துக்குப் போனேன். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டு ஓனர் வெறும் நோட்டரி முத்திரையோடு முடித்திருந்தார். மும்பையில் பாதிப் பேர் இப்படித்தான் முடிக்கிறார்கள். சரி, வேறு என்ன காகிதம் கொடுக்கலாம் என்று கேட்டேன். அந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மதராஸில் பேர் இருக்கிறதுதானே, அங்கேயே இருக்கட்டும், எதற்கு அலைகிறீர்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இத்தனை வருடம் இந்த ஊரில் வரி கட்டி வாழ்ந்தவளுக்கு அங்கே கிடைத்த பதில் அவ்வளவுதான்.

அவர் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்களை நான் சொல்கிறேன். முகவரிக்கு ஆவணமே இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தை அப்படியே தூக்கிப் போட முடியாது. பி.எல்.ஓ., அதாவது உங்கள் பூத்தின் பட்டியலைக் கவனிக்கும் அலுவலர், நேரில் வந்து, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது கெடு தாண்டியிருந்தது.

மாமாவின் கதை இதைவிட மோசம். அவர் 1966-ல் இருபது வயதில் பம்பாய்க்கு வந்தவர். சிவசேனா தொடங்கிய அதே வருடம். லுங்கி கட்டியவர்களைத் துரத்து என்று கோஷம் போட்டுக்கொண்டு போன ஊர்வலத்துக்குப் பயந்து, ஃபோர்ட்டில் வேலை முடிந்ததும் பேன்ட்டோடுதான் அறைக்கு நடப்பாராம். அப்படிப்பட்டவர் 1971 முதல் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இந்த முறை தொகுதியில் முக்கியப் போட்டியே இரண்டாக உடைந்த சிவசேனாவுக்குள்தான். ஷிண்டே பக்கம் வில் அம்பு சின்னம், அதில் நின்றவர் வாய்கர். உத்தவ் பக்கம் தீப்பந்தம். தீப்பந்தத்தில் நின்ற அமோலின் அப்பா கஜானன் கீர்த்திகர், அப்போதைய எம்.பி., வில் அம்புக் கட்சியில் இருந்தார். ஒரே வீட்டில் அப்பன் ஒரு சேனா, மகன் ஒரு சேனா. இதில் யாருக்குப் போடுவது என்று மாமா பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எங்களிடம் சொல்லவில்லை.

எங்கள் பழைய கட்டடம் ரீடெவலப்மெண்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு, போய் எல்லோரும் அக்கம்பக்கத்தில் வாடகைக்கு மாறியிருந்தோம். பில்டர் தகரம் அடித்து மறைத்த காலி மனையைப் பார்த்துவிட்டுத்தான் மாமா பெயரை 'இடம் பெயர்ந்தவர்' என்று எழுதி நீக்கியிருக்க வேண்டும். பெயரை நீக்கும் முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நோட்டீஸ் எந்தக் கதவுக்குப் போயிருக்கும்? கதவே இல்லையே. விநோதம் என்னவென்றால் அதே முகவரியில் அத்தை பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் அப்படியே இருந்தன. மாமாவோடு அதே கட்டடத்தில் இன்னும் சில குடும்பங்களின் பெயர்களும் போயிருந்தன.

மே 20 காலை அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசை நகரவே இல்லை. பூத்துக்குள் செல்போன் கூடாது, வெளியே வைக்கவும் இடம் இல்லை என்பதால் பலர் வரிசையை விட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்களோ. என் கையில் மூன்று பேர் போனோடு நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

அத்தை விரலில் மையோடு வந்தார். மாமா வரவில்லை. பிறகு அத்தை சொல்லித்தான் உள்ளே நடந்தது தெரிந்தது. அதிகாரி பட்டியலில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக் காட்டியிருக்கிறார். அத்தை பெயர், அதற்கு அடுத்து வேறு வீட்டுக்காரர் பெயர். மாமா தன் பழைய அட்டையை, ஓரம் மஞ்சளாகிப் போன அட்டையை, திரும்பத் திரும்ப மேசையில் வைத்திருக்கிறார். அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் வேண்டும் என்று அதிகாரி சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் 78 வயது மனிதரிடம் அதை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

அன்று வெளியே நின்றதில் எனக்கு ஒரு லாபம். எங்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் அதுவரை ஒரே பேச்சு, பாஜக கூட்டணி 400 இடம் தாண்டுமா தாண்டாதா என்பதுதான். கேட்டுக்கு வெளியே கேட்டது வேறு. காய்கறி விற்கும் மராட்டிய அம்மாவின் அண்ணன் நாசிக் பக்கம் நிபாடில் வெங்காயம் போடுகிறவர். 2023 டிசம்பரில் வந்த ஏற்றுமதித் தடையால் கையில் காசே நிற்கவில்லை, தேர்தல் நெருங்கிய மே மாதம் தடையை எடுத்து என்ன பிரயோஜனம் என்றார். ஆட்டோவில் சாய்ந்து நின்றவர் ஜோன்பூர்க்காரர். அவருடைய தம்பி எழுதிய போலீஸ் தேர்வு, வினாத்தாள் கசிந்து பிப்ரவரியில் ரத்தானதாம். 25-ம் தேதி ஊரில் வாக்குப்பதிவு, வீட்டில் எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள் என்றார். எங்கள் குஜராத்தி பக்கத்து வீட்டுப் பெரியவரோ, கோஸ்டல் ரோடு, மெட்ரோ, உலகத்தில் நமக்கு மரியாதை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். நாலு பேரும் நின்றது ஒரே வேப்பமர நிழலில். ஒருவர் பேசியதை மற்றவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜூன் 1 கருத்துக்கணிப்புகள் 350-க்கு மேல் என்றன. ஜூன் 4-ல் பாஜக 240-ல் நின்றது, தனிப் பெரும்பான்மைக்கு 272 வேண்டும். கூட்டணியாக 293 வந்து ஆட்சி அமைந்தது. உத்தரப் பிரதேசத்தில் 62 இருந்தது 33 ஆனது. அயோத்தி இருக்கும் ஃபைசாபாத்திலேயே சமாஜ்வாதி ஜெயித்தது. மகாராஷ்டிரத்தில் போன முறை 48-ல் 41 எடுத்த கூட்டணி 17-க்கு இறங்கியது. வெங்காயப் பகுதியான திண்டோரியில் மத்திய இணை அமைச்சர் பாரதி பவார் தோற்றார்.

அன்று ராத்திரி அண்ணன் போன் செய்தான். "நம்ம ஊர்ல நாப்பதுக்கு நாப்பதுன்னு எங்களுக்குத் தெரியும். வடக்க எப்படிட்டி இப்படி ஆச்சு?" அவனுக்கு வடக்கு என்றால் ஒரே வடக்கு. இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு தெற்கு என்றால் ஒரே தெற்கு. அதே நாளில் கேரளத்தில் திருச்சூரில் சுரேஷ் கோபி பாஜகவுக்காக ஜெயித்தது அண்ணனுக்கு நம்பவே முடியவில்லை. ஒடிசாவில் 21-க்கு 20 பாஜக. தில்லியில் ஏழும் பாஜக. வடக்கு, தெற்கு என்று ஒரே கோடு போட்டு இந்த முடிவைப் பிரிக்க முடியாது. மராத்வாடாவில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம், தலித் வீடுகளில் அரசியல் சட்டத்தை மாற்றிவிடுவார்களோ என்ற பயம், நாசிக்கில் வெங்காயம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம். யார் வீட்டுத் தொலைக்காட்சி எந்த மொழியில் ஓடுகிறதோ, அந்த மொழிக்காரர்களின் காரணம் மட்டும்தான் அந்த வீட்டுக்குத் தெரிகிறது. எல்லோரும் அதிர்ச்சியானது அதனால்தான் என்பது என் எண்ணம்.

மாமா அன்று தொலைக்காட்சி முன்னாலேயே இருந்தார். 48 என்று வந்ததும் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். எங்கள் கட்டடத்தில் மட்டும் எத்தனை பெயர் போனது என்று மறுநாள் ஒரு காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். தோற்றவர் போட்ட வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய் டிசம்பரில் தள்ளுபடியானது. அந்த வழக்கில் அடிபட்ட டெண்டர் வாக்கு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருந்து, உங்களுக்கு முன்பே வேறு யாரோ உங்கள் பெயரில் போட்டுவிட்டால், திரும்பி வராதீர்கள். உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு கொடுத்தாக வேண்டும். பெயரே இல்லாத மாமா போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது.

சரி, திருத்திய கதை. நீக்கப்பட்ட பெயருக்குப் படிவம் 8 செல்லாது, புதிதாகச் சேர்ப்பது போலப் படிவம் 6 போட வேண்டும். ஒரு மேசையில் 8 என்றார்கள், அடுத்த மேசையில் 6 என்றார்கள், 6-தான் சரி. முகவரிக்கு வங்கிப் பாஸ்புக் செல்லும். மாமாவின் பென்ஷன் வங்கியில் புது முகவரியை ஏற்றி, போட்டோ ஒட்டிய பாஸ்புக்கில் அச்சடித்து வாங்கினோம். எனக்கு, ஓனரிடம் மன்றாடி அடுத்த பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வைத்தேன். பதிவு செய்வது மகாராஷ்டிரத்தில் சட்டப்படி கட்டாயம், ஓனர் தயவு இல்லை. இந்த முறை பி.எல்.ஓ.வின் நம்பரைத் தேடிப் பிடித்து நானே பேசினேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண், பாவம், இந்த வேலையும் அவர் தலையில். வீட்டுக்கே வந்து பார்த்து, டீ குடித்துவிட்டு, அன்றே அறிக்கை போட்டார். ஜூலை 1-ஐத் தகுதி நாளாக வைத்து வந்த பட்டியலில் எங்கள் பெயர்கள் வந்துவிட்டன. மாமா தன் பெயரை என் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, அச்சும் எடுத்துத் தா" என்றார்.

நவம்பர் 20 சட்டமன்றத் தேர்தலில் நாலு பேரும் போட்டோம். முடிவு மறுபடி எல்லோர் கணக்கையும் புரட்டியது. பாஜக, ஷிண்டே, அஜித் பவார் மூவருமாக 288-ல் 230. எங்கள் வீட்டில் வேலை செய்யும் பாயி ஆகஸ்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள், பெண்களுக்கான லாட்கி பஹின் திட்டத்தில் மாதம் 1,500 ரூபாய் தன் பெயரில் வருகிறது, குடித்துக் கெடுக்கும் புருஷன் கைக்குப் போகவில்லை என்று. ஆனால் அந்த அலையிலும் ஜோகேஸ்வரி கிழக்கில் வாய்கரின் மனைவி மனீஷா, சுமார் 1,500 வாக்கில் உத்தவ் கட்சி வேட்பாளரிடம் தோற்றார்.

புதுக் கட்டடத்தின் சாவி வந்ததும் நாலு பேருக்கும் மறுபடி படிவம் 8 போட வேண்டும். அதற்குள் அத்தை, வீட்டுக்காரர் பெயர்கள் காலி மனை முகவரியிலேயே தொங்கிக்கொண்டிருப்பதால் மாதம் ஒரு முறை பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். ரீடெவலப்மெண்டில் இருப்பவர்கள் பில்டர் கடிதத்தையோ சொசைட்டி செக்ரட்டரி கடிதத்தையோ நம்பிப் போகாதீர்கள், ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலில் இரண்டுமே கிடையாது. பாஸ்புக்கை முதலில் மாற்றுங்கள்.