பதினைந்து கிலோவும் அத்தை கட்டிய பையும்

மச்சான் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறான். லீவு முடிந்து திரும்பும்போது எப்போதும் ஒரே வழிதான். கடலூரிலிருந்து சென்னைக்கு பஸ், சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், டெல்லி வரை ஸ்லீப்பர். அங்கிருந்து ஸ்ரீநகருக்கு மட்டும் விமானம். புல்வாமா தாக்குதல் நடந்த அதே 2019 பிப்ரவரியில், சாதாரண கான்ஸ்டபிள் வரைக்கும் அந்தத் தடத்தில் அரசுச் செலவில் பறக்கலாம் என்று உத்தரவு வந்தது. டிக்கெட்டையெல்லாம் ஆபீஸிலேயே பார்த்துக்கொள்வார்களாம்.

இந்த முறை என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி? அவன் இரண்டு நாள் தள்ளிக் கிளம்பவேண்டியதாயிற்று, ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சரி, புதுச்சேரியிலிருந்து ஹைதராபாத், அங்கிருந்து டெல்லி என்று நானே போனில் டிக்கெட் போட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது. எனக்கு அது அப்போது தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தை பை கட்டினார். பண்ருட்டி முந்திரி நாலு கிலோ. முதுநகரில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, நாலு சுற்று செய்தித்தாள், அதன்மேல் பாலித்தீன், அதன்மேல் பிரவுன் டேப். அப்படியும் கூடத்தில் வாசம் சுற்றியது. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு பை நிறைய கொப்பரை. அடியில் அவனுடைய யூனிஃபார்ம், பூட்ஸ், கம்பளி ஜாக்கெட். எதிர்வீட்டு மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 24 கிலோ 300 கிராம்.

ரயிலில் ஸ்லீப்பருக்கே 40 கிலோ வரை இலவசம். விமானத்தில் பெட்டிக்கு 15, கைப்பைக்கு 7. "எதையாவது எடுத்து வைடா" என்றேன். "கேம்ப்ல பசங்க காத்துட்டு இருப்பானுங்க மாமா. கருவாடு இல்லாம போனா உள்ளயே விட மாட்டானுங்க" என்றான்.

காலையில் சீக்கிரமே புதுச்சேரி போய்விட்டதால் கடற்கரைச் சாலையில் ஒரு டீ. காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தை மச்சான் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போய்த் திரும்பாதவர்களுக்காக எழுப்பியது. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை இந்த ஊரில் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். "கப்பல்ல போனவங்களுக்கு எத்தனை கிலோ விட்டிருப்பாங்க மாமா?" என்றான்.

லாஸ்பேட்டை விமான நிலையம் சின்னது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். இறக்கையில் விசிறி சுழலும் குட்டி விமானம்தான் வந்து போகிறது. கவுன்ட்டரில் இருந்த பெண் மச்சானின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "படைவீரர் டிக்கெட்டா சார் போட்டீங்க?" என்றார். நான் போட்டது சாதாரண டிக்கெட். படையில் இருப்பவர்களுக்கென்று தனிக் கட்டணம் இருக்கிறது, சில நிறுவனங்கள் அதில் கூடுதல் எடையும் தருகின்றன. ஆனால் பதிவு செய்யும்போதே அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்க வேண்டும். கவுன்ட்டரில் வந்து சொன்னால் ஒன்றும் செய்ய முடியாதாம். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னார்.

அமெரிக்காவில் 2011-ல் நடந்தது ஞாபகம் வந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து ஊர் திரும்பிய சிப்பாய்களிடம் ஒரு விமான நிறுவனம் நாலாவது பைக்கு 200 டாலர் வாங்கியது. எல்லோருக்குமாக 2,800 டாலருக்கு மேல் ஆனது. இரண்டு சிப்பாய்கள் அதை வீடியோவில் பேசி யூடியூபில் போட, ஊரே கொதித்தது. உடனே நாலு பை இலவசம் என்று அந்த நிறுவனம் விதியை மாற்றிக்கொண்டது. நாங்கள் எங்கே வீடியோ எடுப்பது? டிக் போடாதவன் நான்.

இங்கேயும் 2016-ல், 15-லிருந்து 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொல்லிப் பார்த்தது. அடுத்த வருடமே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

மச்சான் ஓரமாகப் போய்ப் பையைத் திறந்தான். செருப்பைக் கழற்றி உள்ளே திணித்துவிட்டு பூட்ஸை மாட்டினான், ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டான். வெளியே சித்திரை வெயில். பக்கத்தில் நின்ற சின்னப் பையன் அவனையே வாயைப் பிளந்து பார்த்தான். முந்திரி கைப்பைக்கு மாறியது. பை 18 கிலோவுக்கு வந்தது. மிச்ச மூன்று கிலோவுக்கு நான் பணம் கட்டினேன். அந்தப் பணத்துக்குப் பண்ருட்டியில் இன்னும் இரண்டு கிலோ முந்திரி வாங்கியிருக்கலாம்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது போன். "மாமா, கொப்பரைய எடுக்கச் சொல்றாங்க. எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்குமாம்." கொப்பரைக்கு விமானத்தில் தடை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். திரும்ப ஓடினேன். வியர்வை வழிய, ஜாக்கெட்டோடு வாசலில் நின்று பையை நீட்டினான். எடையில் அதுவே ஒன்றரை கிலோ இருக்கும், காசும் கட்டியாகிவிட்டது.

கடலூர் வந்து கொப்பரைப் பையை அத்தையிடம் கொடுத்தேன். நடந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப அடுத்த தடவ எண்ணெயா ஆட்டிக் குடுத்து விட்ரலாமா மாப்ள?" என்றார்.