தேர்தல் பத்திரப் பட்டியல்: தேதி பொருந்தினால் லஞ்சம் ஆகிவிடுமா?

பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க ஸ்டேட் வங்கி விற்றதுதான் தேர்தல் பத்திரம். அந்தத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் வாங்கியவர் பெயரும் கட்சியின் பெயரும் தனித்தனியாக இருந்தன, பத்திர எண் இல்லை. நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகு மார்ச் 21 அன்று எண்ணோடு வந்த இரண்டு பிடிஎஃப் கோப்புகளை (ஒன்று வாங்கியவர்கள், இன்னொன்று பணமாக்கிய கட்சிகள்) வைத்துத்தான் யார் பணம் யாருக்குப் போனது என்று பொருத்த முடிந்தது. 'ரெய்டு வந்தது, பத்திரம் வாங்கினார்கள், கேஸ் அடங்கியது' என்று இன்றும் சுற்றும் வாட்ஸப் அட்டவணைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அவற்றில் பல தப்பாகப் பொருத்தப்பட்டவை.

இரண்டு கோப்புகளையும் எக்செலுக்கு மாற்றியதும் செய்ய வேண்டியது, எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒரே கட்டத்தில் சேர்ப்பது. ஒரு கோடிப் பத்திரத்துக்கு ஓ.சி., பத்து லட்சத்துக்கு டி.எல்., ஒரு லட்சத்துக்கு ஓ.எல். என்று முன்னெழுத்து உண்டு. வெறும் எண்ணை வைத்துத் தேடினால் யாரோ வாங்கிய பத்து லட்சம் வேறு யாருடைய ஒரு கோடியிலோ போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்படிச் சேர்த்த பிறகும் கட்சிப் பக்கத்தில் சில பத்திரங்கள் ஆள் இல்லாமல் நிற்கும். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. பட்டியல் 2019 ஏப்ரல் 12-இல் தொடங்குகிறது. அந்த மாதம் 1 முதல் 11 வரை 3,346 பத்திரங்கள் விற்றன, அவற்றில் 1,609 மட்டுமே அதற்குள் பணமாக்கப்பட்டன என்று ஸ்டேட் வங்கியே பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருக்கிறது. மீதியில் 12-ஆம் தேதிக்குப் பிறகு பணமானவற்றுக்குக் கட்சிப் பக்கம் இருக்கும், வாங்கியவர் பக்கம் இருக்காது. 2018 மார்ச்சிலிருந்து 2019 மார்ச் வரை விற்றவை இந்தப் பட்டியலிலேயே வராது.

பெயர்கள் இன்னொரு தொல்லை. நீளமான கம்பெனிப் பெயர்கள் பாதியில் வெட்டப்பட்டிருக்கும்; ஒரே நிறுவனம் இரண்டு மூன்று விதமாக வரும். சமாஜ்வாதி கட்சியை அதன் பெயரில் தேடினால் கிடைக்காது, 'அத்யக்ஷ' என்று தொடங்கும். குழும நிறுவனங்களைச் சேர்க்காமல் கூட்டினாலும் கணக்கு குறையும். கட்டுமான நிறுவனமான மேகா இன்ஜினியரிங் தன் பெயரில் வாங்கியது 966 கோடி. அதன் குழுமத்தைச் சேர்ந்த வெஸ்டர்ன் யூபி பவர் டிரான்ஸ்மிஷன் வாங்கிய 220 கோடி தனி வரிசையில் இருக்கிறது.

பலரும் சறுக்குவது தேதியில்தான். பத்திரம் நினைத்த நாளில் கிடைத்ததில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் பத்துப் பத்து நாள், தேர்தலை ஒட்டிக் கூடுதல் நாட்கள், அவ்வளவுதான் விற்பனை ஜன்னலாக இருந்தது. வாங்கினால் 15 நாளில் கட்சிக் கணக்கில் போட்டாக வேண்டியிருந்தது. மருந்து நிறுவனமான அரபிந்தோ பார்மா விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்குநர் ஒருவரை டெல்லி மதுக்கொள்கை வழக்கில் அமலாக்கத்துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்தது. 15-ஆம் தேதி நிறுவனம் 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது, பாஜக பணமாக்கியது. 2023 ஜூனில் அந்த இயக்குநர் அப்ரூவர் ஆனார். பார்த்தவுடன் புருவம் உயரத்தான் செய்யும். ஆனால் அந்த முறை விற்பனை நடந்ததே நவம்பர் 9 முதல் 15 வரை. எனவே 'ஐந்தே நாளில்' என்பதற்குத் தனி எடை கிடையாது. அந்த ஜன்னலில் வாங்கிய எல்லோருடைய தேதியும் அந்த ஏழு நாளுக்குள்தான் விழும். கைதுக்கு முன் இதே நிறுவனம் தெலங்கானாவின் பிஆர்எஸ் உள்ளிட்ட மற்றக் கட்சிகளுக்கும் கொடுத்திருக்கிறது. கைதுக்கு முன்னும் பின்னும் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் உருப்படியான கேள்வி.

தமிழ்நாட்டுக் கணக்கும் இதே சிக்கல்தான். லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங்கிடமிருந்து 509 கோடி வந்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. மொத்தம் பெற்ற 656.5 கோடியில் இது முக்கால் பங்குக்கு மேல். ஆனால் இங்கே லாட்டரிக்கு 2003 முதல் தடை. பதிலுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு அரசாணையையோ ஒப்பந்தத்தையோ காட்டாமல் 'கைம்மாறு' என்று எழுதினால் அது சந்தேகம், குற்றச்சாட்டு ஆகாது. கேட்க வேண்டிய கேள்விதான், அதில் மாற்றமில்லை.

சட்டம் கேட்பது இன்னும் கறாரானது. ஊழல் தடுப்புச் சட்டம் 7-ஆம் பிரிவில் வாங்குபவர் பொது ஊழியராக இருக்க வேண்டும். பணம் போனதோ கட்சிக் கணக்குக்கு. 'வேறொருவருக்காக' வாங்கினாலும் குற்றம் என்ற வாசகம் அந்தப் பிரிவில் இருப்பதால் கதவு முழுசாக மூடவில்லை. ஆனால் எந்த அதிகாரி, எந்தக் கோப்பில், எதைக் கேட்டார் என்று காட்ட வேண்டும். 2018 திருத்தம் கொண்டுவந்த 17-ஏ பிரிவு வேறு, அலுவல்ரீதியான முடிவுகளை விசாரிக்கவே முன்அனுமதி கேட்கிறது. பெங்களூருவில் சிலர் வேறு வழியில் போனார்கள். மிரட்டிப் பணம் பறித்ததாக 2024 செப்டம்பரில் ஒரு எஃப்ஐஆர், அதில் மத்திய நிதியமைச்சர் பெயரும் இருந்தது. டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது: மிரட்டப்பட்டவர் புகார் தரவில்லை, புகார் தந்தவர் மிரட்டப்படவில்லை. பணம் கொடுத்த நிறுவனம் எதற்காக வாய் திறக்கும்?

சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குறிப்பிட்ட புகார் இருந்தால் வழக்கமான சட்ட வழியில் போங்கள் என்றது. வழக்கமான வழி எப்படி இருக்கும் என்பதற்கு மேகா நிறுவனத்தையே பார்க்கலாம். அதே ஆண்டு ஏப்ரலில் சிபிஐ அதன் மீது போட்ட எஃப்ஐஆர் ஜக்தல்பூர் எஃகு ஆலைப் பணிக்கான பில்களை அனுமதிக்க அதிகாரிகளுக்குச் சுமார் 78 லட்சம் கொடுத்ததாகச் சொல்கிறது. அதில் பத்திரத்துக்குப் போட்ட 966 கோடிக்கு இடமில்லை.