அம்மாவுக்கு மட்டும் அரிக்கவில்லை

முதலில் எனக்குத்தான் தொடங்கியது. விரலிடுக்கில் சின்னச் சின்னப் பொரிகள். பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி போர்வையை இழுத்துப் போர்த்தியதும் மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி என்று ஓர் இடம் விடாமல் அரிக்கும். படர்தாமரை என்று நானே முடிவு கட்டி, மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். நாலே நாளில் சிவப்பு அடங்கியது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் அது தொடைவரை இறங்கியிருந்தது.

களிம்பில் ஸ்டீராய்டு இருந்ததாகத் தோல் மருத்துவர் சொல்லித்தான் தெரியும். அது உடம்பின் கூச்சலை அடக்குமே தவிர, பூச்சியை ஒன்றும் செய்யாது. எனக்கு வந்திருந்தது சிரங்கு. கேட்டதும் கூசிப்போனேன்; குளிக்காதவர்களுக்கு வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்! இரண்டு வேளை குளிக்கிறவருக்கும் வரும், தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்தால் போதும் என்றார்.

சிரங்கைக் கொண்டுவரும் பூச்சி ஒரு வகை உண்ணி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் உண்ணி மேல்தோலுக்குள் வளை தோண்டி, தினமும் இரண்டு மூன்று முட்டை இடுகிறது. அரிப்பு அது கடிப்பதால் வருவதில்லை. உண்ணி, முட்டை, கழிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. முதல்முறை தொற்றினால் அந்த ஒவ்வாமை உருவாகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை தனக்குத் தெரியாமலே ஒருவர் மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். இத்தனை பாடு படுத்துகிறதே, உடம்பு முழுக்க எத்தனை இருக்கும் என்று கேட்டேன். பத்து, பதினைந்து என்றார். நம்பவே முடியவில்லை.

உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்துக்குக் கீழே நகக்கண் உள்பட எங்கும் தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். துணிமணி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்தோம். துவைக்க முடியாததைப் பையில் கட்டி நாலு நாள் ஒதுக்கி வைத்தோம். மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் அது தாங்காது. பையனுக்குச் சொறிந்த இடமெல்லாம் சீழ் வைத்திருந்ததால் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். சீழ் வைக்கும் கிருமி சிறுநீரகம்வரை பிரச்சினை செய்யலாம் என்று சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொன்னார்கள். அன்றுதான் உண்மையில் பயந்தேன்.

அம்மாவை மட்டும் விட்டுவிட்டேன். "எனக்கென்னடா, ஒன்றுமில்லை" என்றார். அரிப்பே இல்லாதவருக்கு எதற்கு என்று நானும் விட்டேன்.

எங்கள் மூவருக்கும் அரிப்பு மெல்லக் குறைந்துவந்தது. மருந்துக்குப் பிறகும் சில வாரம் இருக்கும், பதற வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது வாரம் புதுப் பொரிகள் முளைத்தன. ஒருமுறை பழகிய உடம்பு, மறுபடி தொற்றினால் சில நாளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டில் யாரை விட்டீர்கள்?"

அம்மாவின் உள்ளங்கை தடித்துச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. வயசானால் வரும் வறட்சி என்றே நினைத்திருந்தோம். நுரையீரல் தொந்தரவுக்காக அவர் பல மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். எதிர்ப்பு சக்தி அடங்கிக் கிடந்ததால் உடம்பு சண்டையே போடவில்லை. அரிப்பும் இல்லை, சொறியவும் இல்லை. பூச்சிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? சுரண்டி எடுத்த செதிலை நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினார்கள். பார்த்த இடமெல்லாம் உண்ணி. பொருக்குச் சிரங்கு என்ற இந்த வகையில் ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில்கூட இருக்குமாம். உதிரும் செதிலிலிருந்தே பரவும். எனக்குப் பத்து. அவருக்கு எத்தனை என்று எண்ண முடியாது. பூச்சி என்னவோ ஒன்றேதான்.

அவருக்கான வைத்தியம் எங்களுடையதைப்போலச் சுலபமாக இல்லை. தடித்த பொருக்கு கரைய முதலில் சாலிசிலிக் அமிலக் களிம்பு. இல்லாவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. அப்புறம் பெர்மெத்ரின், ஒரு வாரம் தினமும், தலையிலிருந்து பாதம்வரை. கூடவே உண்ணியை உள்ளிருந்து கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை 1, 2, 8, 9, 15ஆம் நாள்களில். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று நுரையீரல் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த நாள்களில் அம்மா தனி அறையில். கையுறை போட்டுக்கொண்டு நான்தான் தடவிவிட்டேன். தினமும் அறையைப் பெருக்கினோம், விரிப்பை மாற்றினோம். நாங்கள் மூவரும் இன்னொரு சுற்று முதலிலிருந்து தொடங்கினோம்.

மூன்றாவது வார முடிவில் எடுத்த செதிலில் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டு, "முதுகு ஒரே அரிப்பாக இருக்குடா, கொஞ்சம் பார்" என்றார். பதறிப்போய் மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"அரிக்கிறதா? இருக்கட்டும்" என்றார் அவர். "இப்போதுதான் அவர் உடம்பு விழித்திருக்கிறது."